சூடு ஆறும் முன்



ஈட்டிய விடுப்பில் நியூஜெர்சியிலுள்ள தங்கை வீட்டிற்குச் சென்றிருந்தேன். அக்டோபர் மாதம், அங்கு இலையுதிர் காலம். கடையெங்கும் பரங்கி வகைகள், சர்க்கரைவள்ளி, கேல் கீரை. அவற்றைப் போட்டு பாஸ்தா சாலட் செய்தேன். பாஸ்தா ஆறிய பிறகே எண்ணெய், வினிகர் கலவையை ஊற்றினேன். தங்கை மகள் இரண்டு வாய் உண்டுவிட்டு, "சப்புன்னு இருக்கு, பெரியம்மா" என்று தட்டை நகர்த்திவிட்டாள்.

மறுநாள் முறையை மாற்றினேன். பரங்கி, சர்க்கரைவள்ளித் துண்டுகளில் எண்ணெய் தடவி, 200 டிகிரி செல்சியஸில் ஓவனில் அரைமணி நேரம் விளிம்பு சிவக்கச் சுட்டேன். கேல் இலையை நரம்பு நீக்கி, உப்பிட்டுப் பிசைந்தேன். உப்பு நீரில் வெந்த பாஸ்தாவை வடித்த சூட்டிலேயே கலவையில் பாதியை ஊற்றினேன். 3 பங்கு ஆலிவ் எண்ணெய்க்கு 1 பங்கு வினிகர். பிறகு காய்கள், கீரை, வெந்த கொண்டைக்கடலை, மீதிக் கலவை. ஆறினால் பாஸ்தா இறுகி, கலவை மேலேயே நின்றுவிடும்; சூட்டில்தான் சுவை உள்ளே இறங்கும். அன்று அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வகுப்பில் எழும் கேள்விகளை, "பாடம் முடியட்டும், பிறகு சொல்கிறேன்" என்று எத்தனை முறை ஆறவிட்டிருக்கிறேன்! இப்போதெல்லாம் பாடத்தைச் சற்று நிறுத்திவிட்டு, அப்போதே பதில் சொல்கிறேன்.