பழைய நிழற்படமும் வீட்டு வருடியும்

யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒருவர் காலமானபின் முப்பத்தோராம் நாளன்று நினைவு மலர் வெளியிடுவது நெடுநாள் வழக்கம். கல்வெட்டு என்று ஊரார் வழங்கும் அச்சிறு நூலின் முதற்பக்கத்துக்கு ஒரு படம் வேண்டும். அலுமாரியைத் திறந்து தேடினால், பல வேளைகளில் கிடைப்பது கலியாண வீட்டிலோ பாடசாலையிலோ பலரோடு நின்று எடுத்த குழுப்படம் ஒன்றே. அதில் அவர் முகம் ஒரு பச்சைப் பயறளவாகத்தான் இருக்கும். நெகற்றிவ் வீட்டிலும் இல்லை, ஸ்ரூடியோவிலும் இல்லை. இடப்பெயர்வுகளிலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் ஆல்பங்களை முற்றாக இழந்த குடும்பங்கள் பல. அவற்றுக்கு உறவினர் வீட்டில் தப்பிக் கிடந்த ஒரு தாட்படமே எஞ்சிய சாட்சி. அப்படத்தைக் கணினிக்குப் பெயர்த்தெடுக்கும்போது முகம் கலங்கிப் போகுமாயின் அவ்விழப்புச் சிறிதன்று.

படத்தைப் பெயர்த்தெடுக்கும் பொறியை வருடி என்பர். கடைகளில் ஸ்கானர் என்றே கேட்க வேண்டும். கணினிக்குள் முதன்முதலாக வருடப்பெற்ற நிழற்படமும் ஒரு குடும்பப் படமே என்பது பலர் அறியாத செய்தி. 1957ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தேசிய நியமங்கள் பணியகத்தில் பணியாற்றிய ரசல் கேர்ஷ் என்பவர், மூன்று மாதக் குழந்தையாயிருந்த தம் மகனின் படத்தை அவ்வாறு பெயர்த்தார். அதன் பக்கம் ஒவ்வொன்றும் ஐந்து சென்ரிமீற்றர். கணினியில் கிடைத்ததோ பக்கத்துக்கு 176 புள்ளிகள் மாத்திரமே. கலங்கல்தான், ஆயினும் அது குழந்தையின் முகம் என்பது தெரிந்தது.

இன்று வருடி வாங்குவோர் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணைக் கண்டு மயங்குகின்றனர். அங்குலத்துக்கு 9600 புள்ளி, 19200 புள்ளி என்பனவெல்லாம் பெரும்பாலும் மென்பொருள் இடையிடையே இட்டு நிரப்பிய கற்பனைப் புள்ளிகளே. பொறியின் கண் உண்மையாகக் காணும் அளவு யாது என்பதே கேட்கத்தக்கது. அதனிலும் முக்கியமானது, படத்தாள் தன்னுள் எவ்வளவு விவரத்தை வைத்திருக்கிறது என்பது. ஸ்ரூடியோவில் பெருப்பித்து அச்சிட்ட சாதாரணப் படத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு மேற்பட்ட விவரம் இருப்பது அரிது. ஆதலால் அங்குலத்துக்கு 600 புள்ளி என வருடினால் அதனுள் இருப்பதெல்லாம் வந்துவிடும். நாலுக்கு ஆறு அங்குலப் படம் அவ்வளவில் 86 இலட்சம் புள்ளிகளாகி, ஏறக்குறைய 26 மெகாபைட் இடத்தைக் கொள்ளும். 1200 என்று கூட்டினால் இடம் நான்கு மடங்காகுமேயன்றித் தெளிவு நான்கு மடங்காகாது.

இதற்கு விலக்கும் உண்டு. பழைய பெட்டிக் கமராவின் நெகற்றிவைத் தாளின்மேல் நேரே வைத்து அச்சிட்ட சிறு படங்களில், இடையில் வில்லை எதுவும் புகாமையால், விவரம் நுணுக்கமாகப் பதிந்திருக்கும். அவற்றுக்கு 1200 வீணன்று. மேற்சொன்ன பயறளவு முகமும் அத்தகையதே. அகலம் ஐந்து மில்லிமீற்றர் எனக் கொண்டால், 300இல் அது ஏறத்தாழ 59 புள்ளிகளாகவும், 600இல் 118 புள்ளிகளாகவும் வரும். முதலாவதைப் பெருப்பித்தால் கண்ணும் புருவமும் படிக்கட்டுகளாகத் தோன்றும்.

ஆனால், வீட்டில் வருடிய படம் மங்கலாவதற்குப் புள்ளிக் கணக்கைக் காட்டிலும் பெரிய காரணம் ஒன்று உண்டு. தாள் கண்ணாடியில் படியாமையே அது. அச்சுப்பொறியோடு சேர்ந்து வரும் மெலிந்த வருடிகளில், உணரி கண்ணாடியை ஒட்டினாற்போல் ஓடும். கண்ணாடியைத் தொட்டுக் கிடக்கும் தாளை அது கூர்மையாகக் காணும். தாள் சிறிது மேலெழுந்தாலும் அவ்விடம் கலங்கும். உள்ளே ஆடிகளும் வில்லையும் கொண்ட தடித்த வருடிகள் அவ்வளவு கண்டிப்பானவை அல்ல. ஈரக் காற்றில் கிடந்த படங்கள் பெரும்பாலும் சுருண்டே இருக்கும். அவற்றைச் சுத்தமான இரு வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்து, கனத்த புத்தகங்களை மேலே அடுக்கிச் சில நாட்கள் விட்டுவிடுவது நன்று. அவசரப்பட்டுக் கையால் நிமிர்த்தினால் மேற்பூச்சு வெடிக்கும். மூடியை ஓங்கி அழுத்துவதும் ஆகாது, கண்ணாடி தாங்காது.

தூசியைத் துடைப்பதிலும் பொறுமை வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். காற்றுப் பந்தும் மெல்லிய தூரிகையுமே தக்கவை. கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் துணியில் தொட்டுத் துடைத்தல் வேண்டும். கண்ணாடிமேல் நேரே தெளித்தால் விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிடும்.

1970களின் வண்ணப் படங்கள் சிலவற்றின் தாள் பட்டுப்போலவும் தேன்கூடு போலவும் மேடுபள்ளம் உடையது. வருடியின் விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுவதால், அம்மேடுகளின் நிழல் படமெங்கும் புள்ளிப் புள்ளியாகப் பதியும். இதனைத் தீர்க்க அழகான வழி ஒன்றுண்டு. படத்தை ஒருமுறை வருடியபின், தலைகீழாகத் திருப்பி வைத்து மறுமுறையும் வருட வேண்டும். இரண்டையும் கணினியில் நேராக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சரிபாதியாகக் கலந்தால், எதிரெதிரே விழுந்த நிழல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று தணித்துவிடும்.

மென்பொருளில் தாமாகவே இயங்கும் திருத்தங்களை வருடும்போது நிறுத்தி வைப்பதே முறை. தூசி நீக்குவதாகச் சொல்லும் வசதி, தூசியோடு கண்ணிமையையும் சேர்த்தே மெழுகிவிடும். பத்திரிகைப் படங்களின் அச்சுப் புள்ளிகளை மறைக்கும் வசதி நிழற்படத்துக்கு வேண்டாதது. கூர்மையாக்கல் மாத்திரம் பயனுடையது. அதுவும் அளவெல்லாம் முடிவானபின், இறுதியில், சிறிதளவே செய்தற்குரியது. அக்கலை கணினிக்கு முந்தியது. இருட்டறைக் கலைஞர் நெகற்றிவிலிருந்து சற்றே கலங்கிய பிரதியொன்றை எடுத்து, இரண்டையும் சேர்த்து அச்சிட்டு விளிம்புகளைத் தெளிவாக்கினர். மிகையானால் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும்.

மூலப்பிரதியை டிஃப் வடிவில் வைப்பதே பாதுகாப்பு; ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் விவரம் தேயும். இவ்வளவும் செய்தபின் படத்தை அச்சகத்துக்கு வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்புவோர் உளர். அது போகும் வழியிலேயே சுருங்கிவிடும்; ஆவணமாக அனுப்பினால் சுருங்காது.

சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரித்தெடுக்க எவரும் முயலலாகாது. முகத்தின் பூச்சுக் கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தை மாத்திரம் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே தடித்த வகை வருடியில் வைக்கலாம். பசைத்தாள் ஆல்பத்தில் இறுகிய படங்களுக்கு, பல்லிடை துப்புரவாக்கும் நூலை அடியிற் செலுத்தி மெல்ல மெல்ல அறுத்தெடுப்பது வழக்கம்.

கண்ணாடியிலிருந்து படத்தை எடுக்குமுன் அதன் பின்புறத்தையும் ஒருமுறை வருடிக்கொள்ள வேண்டும். ஸ்ரூடியோ முத்திரையும், திகதியும், நின்றவர் இருந்தவர் பெயர்களும் பல படங்களில் அங்கேதான் பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன. அதற்கு 300 புள்ளி போதும்.