'ஓசி' என்றொரு சொல்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அந்தச் சொல் 'ஓசி'.

காசில்லாமல் கிடைப்பதற்கு நம்மிடம் பல சொற்கள் உண்டு. கத்தரிக்காயோடு கடைக்காரர் போடுகிற கறிவேப்பிலை 'கொசுறு'. அதை வாய்விட்டுக் கேட்டே வாங்குவோம், வெட்கமில்லை. 'இனாம்' அரபியிலிருந்து வந்த சொல். வரி தள்ளிக் கொடுத்த நிலத்துக்கும் அதுதான் பெயர். 'ஓசி'க்கு ஒரு கதை சொல்வார்கள். கம்பெனிக் காலத்தில் தபால் கட்டணமில்லாமல் போன கடிதங்களில் 'ஓ.சி.எஸ்.' என்று எழுதியிருக்குமாம், அதிலிருந்து வந்ததாம். கதையாகவே இருக்கட்டும்.

எனக்கு முக்கியம், அதை யார் சொல்கிறார் என்பதுதான். கொடுப்பவர் 'அன்பளிப்பு' என்பார். வாங்குபவர் 'உதவி' என்பார். பக்கத்தில் நின்று பார்க்கிறவர்தான் 'ஓசி' என்பார். சிநேகிதனிடம் "என்னடா, ஓசி டீயா?" என்றால் கிண்டல். இல்லாதவரைப் பார்த்துச் சொன்னால் குத்தல்.

அரசாங்கமும் சொல்லைப் பார்த்துத்தான் போடுகிறது. 2011-ல் தமிழ்நாட்டில் 'இலவச' என்ற அடைமொழி போய் 'விலையில்லா' வந்தது: விலையில்லா அரிசி, விலையில்லா மடிக்கணினி. 2021 மே மாதம் பெண்களுக்கு நகரப் பேருந்தில் 'கட்டணமில்லா'ப் பயணம் வந்தது. மறு வருஷம் ஓர் அமைச்சர் மேடையில் அதை 'ஓசி' என்று சொல்லப்போய் எவ்வளவு கொந்தளிப்பு! பஸ் அதேதான், பயணம் அதேதான். சொல்தான் சுட்டது.

நாம மட்டும் என்ன, முழுக் காசு கொடுத்தா படிச்சோம்? நாம் கட்டிய கட்டணம் ஆசிரியர் சம்பளத்துக்கே காணாது. மீதி அரசு மானியம். அதாவது, சோப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிற ஜனங்களின் பணம். நம்மை யாரும் 'ஓசிப் படிப்பு' என்று சொல்லவில்லையே!

ஆகவே, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். உதவித்தொகை கொடுக்கும்போது பிள்ளைகளைப் பேர் சொல்லி மேடைக்கு அழைத்து, உறையும் கையுமாகப் போட்டோ எடுக்க வேண்டாம். வங்கிக் கணக்கில் போட்டுவிடலாம்.

தம்பி தங்கைகளே, பக்கத்து பெஞ்சுக்காரன் அந்தப் பணத்தில் படிக்கிறான் என்று தெரிந்தால், இந்த இரண்டெழுத்து உங்கள் வாயில் வர வேண்டாம். அதற்குப் பயந்து விண்ணப்பமே போடாத பிள்ளை ஒன்றுகூட நம் கல்லூரியில் இருக்கக் கூடாது.

டீக்கடையில் மட்டும் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்!