சஃப்பில் காலியாகும் இடம்

(அறக்கட்டளையின் மூத்தோர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அசர் தொழுதுவிட்டு மஃரிபு வரை பள்ளித் திண்ணையில் உட்கார்ந்து பேசும் கூட்டம் நம் ஊர்களில் உண்டு. ஓதப் போன காலத்திலிருந்து கூட்டாளிகள், சவூதியில் ஒரே அறையில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். அறுபதைத் தாண்டியதும் அந்தக் கூட்டம் மெல்லக் குறைகிறது. ஒருவருக்கு முழங்கால் மடங்கவில்லை. ஒருவருக்குப் பக்கவாதம், பேச்சு குழறுகிறது. மௌத்தானவர்களுக்கு மறக்காமல் துஆ செய்கிறோம். உயிரோடு வீட்டில் கிடப்பவரைத்தான் மறந்துவிடுகிறோம்.

அகழ்ப் போரில் ஸஃது பின் முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு தைத்தது. பக்கத்திலேயே இருந்து நலம் விசாரிக்க வேண்டும் என்பதற்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள்ளேயே அவருக்குக் கூடாரம் அமைத்தார்கள். புகாரியில் வருகிற செய்தி இது. நபியவர்களே ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்து காயப்பட்டார்கள். தோழர்கள் வீடு தேடிப் போனார்கள். அங்கே நபியவர்கள் உட்கார்ந்தபடியே தொழுதார்கள். நாற்காலி போட்டுத் தொழ வெட்கப்பட்டு வீட்டோடு இருந்துவிடும் பெரியவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நாற்காலியைப் பார்த்து முகம் சுளிக்கிற இளையவர்களும்தான்.

வீடுகளுக்குப் போய்வரும்போது நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அறுவை முடிந்த முதல் வாரம் வீடு கொள்ளாத கூட்டம். ஆரஞ்சும் ஆர்லிக்ஸும் குவிகின்றன. (சர்க்கரை உள்ளவருக்கு ஆர்லிக்ஸ் எதற்கு?) ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். இரண்டாவது மாதம் அவர் வாக்கரைப் பிடித்து நடை பழகும்போது கூட நிற்க ஆள் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். மனைவிக்கும் எழுபது வயது, தாங்கிப் பிடிக்கத் தெம்பில்லை. பயந்து படுத்தே கிடந்தால் தசை வற்றிப்போகும், படுக்கைப் புண் வரும். நண்பர் தேவைப்படுவது அப்போதுதான். தினம் கால் மணி நேரம் போதும். பழைய கதை பேசிக்கொண்டே கூடத்தில் நாலு நடை நடக்க வைத்தால் அதுவே பெரிய உதவி.

சர்க்கரைக்காரர்களின் காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாளாக நாளாகப் பாதத்தில் உணர்வு மரத்துப்போகிறது. முள் குத்தினாலும், வெயிலில் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் வந்தாலும் தெரியாது. அந்தப் புண்தான் கடைசியில் விரலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறது. ஒளுவுக்குக் கால் கழுவும்போதே விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். குனிந்து பார்க்க முடியாதவருக்கு உள்ளங்காலைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லலாம். கூட்டாளியின் காலைப் பார்ப்பதில் என்ன குறைந்துவிடும்?

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவருக்கு வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். சீக்கிரம் போட்டால் அவ்வளவுக்கு நல்லது. எப்போது தொடங்கியது என்பதை மருத்துவர் முதலில் கேட்பார், கூட இருந்தவர்தான் சொல்ல முடியும். ஓதிப் பார்ப்பதை வண்டியில் வைத்துச் செய்துகொள்ளலாம்.

பெண்களுக்குத் திண்ணை கிடையாது. கல்யாண வீட்டில் பார்த்துக்கொள்வதோடு சரி. மூட்டு வலி வந்தால் அதுவும் நின்றுபோகிறது. ஒரே தெருவில் இருந்தும் வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளாத தோழிகளைப் பார்த்திருக்கிறோம். மருமகள்மார் வாரம் ஒருமுறை மாமியை அவர் தோழி வீட்டுக்கு ஆட்டோவில் கூட்டிப்போய் விடலாம்.

இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் நடக்கிறது. நடமாட முடியாதவருக்கு அதில் இயன்முறைப் பயிற்சியும் உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் சார்பில் நீங்கள் கேட்கலாம்.

ஜும்ஆவுக்குப் பிறகு வாசலில் ஒரு நோட்டு இருக்கும். ஒரு மாதமாகப் பள்ளிக்கு வராத உங்கள் கூட்டாளியின் பெயரையும் தெருவையும் அதில் எழுதுங்கள். பக்கத்திலேயே, எந்தக் கிழமை நீங்கள் போய்ப் பார்ப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். வஸ்ஸலாம்.