ஆறு போகும் வழியில் நாமும் போவோம்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வருகிற தை மாதம், பொங்கலுக்குப் பின், நமது மன்றத்தார் தென்கரையோரமாக ஓர் உல்லாசப் பிரயாணம் போவதென்று தீர்மானித்திருக்கிறார்கள். அதை எப்படித் திட்டமிடுவது என்று பேசும்படி காரியதரிசி என்னைப் பணித்தார். "இதில் பேச என்ன இருக்கிறது? பஸ்ஸில் ஏறினால் கடற்கரை வந்துவிடும்" என்று பின்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அந்தத் தம்பிக்குத்தான் முக்கியமாக இன்றைய பேச்சு.

மஸ்கெலி ஓயாவும் கெகல்கமு ஓயாவும் நம் பொல்பிட்டியப் பக்கத்திலே ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. 1969ஆம் ஆண்டு முதல் இங்குள்ள நிலையத்தில் மின்சாரம் பிறப்பிக்கும் மலைநீர், கொழும்புக்கு வடக்கே போய்ச் சமுத்திரத்தில் கலக்கிறது. ஆற்றுக்கு வழி தெரிகிறது. ஆனால் அதன் கரையில் நாற்பது வருடம் கொழுந்து பறித்த நம் தாய்மார் பலர் கடலைக் கண்ணால் கண்டதில்லை.

இது என்ன விந்தை! நம் முன்னோர் கடல் கடந்து வந்தவர்களல்லவா? மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள்; வழியிலே மாண்டவர் எத்தனையோ பேர். மலையகத்தின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்ததை நீங்கள் அறிவீர்கள்.

சில வருடங்களுக்கு முன் நாம் போன பிரயாணத்தை எண்ணிப் பாருங்கள். வாலிபர் மட்டும் போனோம். ஆனி மாதம் என்றும் பாராமல் கடலில் இறங்கினோம். அலை ஒரு தம்பியை இழுத்துச் சென்றது; மீனவர்கள் பாய்ந்து காப்பாற்றியிராவிட்டால் அவனைப் பெற்றவளுக்கு என்ன பதில் சொல்லியிருப்போம்?

புறப்படும்போது பக்கத்து லயத்துப் பாட்டியம்மா, "ஒரு போத்தல்ல கடத்தண்ணி கொண்டாங்க தம்பி" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்து, "இதைத் தாண்டித்தானா எங்க தாத்தா வந்தாரு?" என்றார். பஸ்ஸிலே இரண்டு ஆசனம் காலியாக இருந்தது அப்பொழுதுதான் என் நினைவுக்கு வந்தது. அவர் இன்று நம்மிடையே இல்லை.

ஆகையால், முதலாவது காலம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாசி வரை தென்கரைக் கடல் கொந்தளிக்கும். மார்கழி முதல் பங்குனி வரை அமைதி மிகும். தை மாதத்தைத் தேர்ந்தது சரியே.

இரண்டாவது பணம். சனிக்கிழமை புறப்பட்டுச் செவ்வாய் திரும்பினால் மூன்று நாட் சம்பளம் போகும். வாலிபர் தாங்குவர்; குடும்பம் நடத்தும் தாய் தாங்குவாளா? தைக்கு இன்னும் ஆறு சம்பளம் இருக்கிறது. ஒவ்வொரு சம்பள நாளும் சிறு தொகை சேர்ப்போம். கொழும்பிலே கடைகளில் வேலை செய்யும் தம்பிமார் தலைக்கு ஒரு தாயின் செலவை ஏற்கலாகாதா?

மூன்றாவது வழி. ஆற்றோடு இறங்குவோம். கித்துல்கலையில் 'குவாய் நதிப் பாலம்' ஆங்கிலப் படத்துக்காகப் பாலம் கட்டிய இடத்தைக் கண்டு, அவிசாவளை வழியாகக் கொழும்பு சேர்வோம். அங்கே 1877இல் திறக்கப்பட்ட நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹோ கொணர்ந்த அந்தக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டினது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. அதன் சீனப் பகுதி புத்தரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாரையும் போற்றுகின்றன. ஒரே கல்லில் மூன்று மொழி, மூன்று வழிபாடு! கொச்சிக்கடையில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய சிவன் கோயிலைத் தரிசித்து, மாலையில் காலிமுகத்திடலில் தாய்மாரைக் கடல் முன் நிறுத்துவோம்.

மறுநாள் கரையோர வீதி. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை புகையிரதத்தைப் புரட்டிய பெரேலியவில் இறங்கி, மாண்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்காகச் சிறிது நேரம் மௌனமாக நிற்போம். பின்பு காலிக் கோட்டை, அடுத்து தேவேந்திரமுனை. நாயனாரின் பழங்கோயிலைப் போர்த்துக்கீசர் 1588இல் இடித்தனர். கல்லிலே பெயர் நிலைத்தது. இரவு திஸ்ஸமகாராமையில் தங்கல்.

மூன்றாம் நாள் விடியற்காலை, ஜீப் வண்டிகளில் யால வனம். அங்கே வண்டியை விட்டு இறங்கலாகாது, கூச்சலிடலாகாது, சிறுத்தை தென்படாவிட்டால் சாரதியைக் கோபிக்கலாகாது. அன்பர்களே, ஒன்று கேட்கிறேன். 2020 மே மாதம் நம் மலையிலேயே, நல்லதண்ணிப் பக்கம், அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டு, சிகிச்சை அளித்தும் பிழைக்கவில்லை. வீட்டருகே காட்டுப்பன்றிக்குச் சுருக்கு வைத்துவிட்டு, யாலவில் பணம் கொடுத்துச் சிறுத்தையைத் தேடுவது எந்த நியாயம்? அங்கே கற்றதை இங்கே கடைப்பிடிப்போம்.

அன்று மாலை மாணிக்க கங்கையில் நீராடிக் கதிர்காமக் கந்தனைத் தரிசிப்போம். நான்காம் நாள், நன்றாக விடிந்தபின் புத்தல வீதியால் புறப்படுவோம். வழியை மறிக்கும் யானைக்குப் பழம் எறியாதீர்கள். அந்தப் பழக்கமே யானைக்கும் மனிதனுக்கும் கேடு விளைக்கிறது. வெல்லவாய, எல்ல, பண்டாரவளை, நுவரெலியா, ஹட்டன் என்று மலையேறி வீடு சேர்வோம்.

கடைசியாக, மதுப்போத்தல் பஸ்ஸில் ஏறக்கூடாது. கடலில் முழங்காலளவுக்கு மேல் எவரும் இறங்கக்கூடாது. இந்த இரண்டையும் வாலிபரே பொறுப்பேற்று நடத்த வேண்டும்.

காரியதரிசி அவர்களே, பெயர்ப் பட்டியலை நாளைக்கே திறவுங்கள். முதல் பக்கத்தைத் தாய்மாருக்கென ஒதுக்குங்கள். அந்தப் பக்கம் நிரம்பிய பின்பு நம் பெயரை எழுதுவோம். இனிமேல் இந்த ஊரில் எவருக்கும் போத்தலில் கடல் கொண்டுவர வேண்டாம்.