பிடி அரிசியும் மன உறுதியும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கஷ்ட காலத்தில் மனந்தளராமல் இருக்கவேண்டும் என்று சொல்வது எளிது. மழை பொய்த்த வருஷத்தில், உலையில் போட அரிசி இல்லாதவனிடம் போய் இதைச் சொன்னால், அவன் சொல்பவரைத் திரும்பியும் பாரான். அது நியாயமே. மனோதைரியம் வெறும் வயிற்றில் தானாக முளைப்பதன்று. பற்றிக்கொண்டு நிற்க அதற்கு ஏதேனும் ஒன்று வேண்டும். அது எத்தகையது என்பதை விருதுநகர் ஜில்லாவின் சரித்திரமே காட்டும்.

விருதுநகருக்கு 1923-க்கு முன் விருதுபட்டி என்று பெயர். சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. அவ்வூர் நாடார் வணிகர்கள் சரக்கு மூட்டைகளின் மேல் ஒரு சிறு தொகையை மகமையென எடுத்துப் பொது நிதியில் சேர்த்து வந்தார்கள். 1889-ல் அங்கே க்ஷத்திரிய வித்தியாசாலை ஏற்பட்டது. அதன் செலவுக்காக வீடுதோறும் பெண்கள், சமையலுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே ஒரு பானையில் போட்டு வைப்பார்கள். அவ்வரிசியை வீடு வீடாகச் சேகரித்துப் பள்ளியின் செலவுக்கு உபயோகித்தார்கள்.

இதில் கவனிக்கத்தக்கது அரிசியின் அளவன்று. பிள்ளைக்கு ஜுரம் கண்ட நாளிலும், கடையில் நஷ்டம் வந்த நாளிலும் கை அந்தப் பானைக்குச் சென்றது. கொடுப்பதற்கு இன்றும் ஒரு பிடி இருக்கிறது என்று அந்த வீட்டுக்காரி அறிந்தாள். பக்கத்து வீட்டிலும் அதே வேளையில் அதே காரியம் நடக்கிறது என்பதையும் அறிந்தாள். பெரிய உபதேசங்கள் செய்யாத வேலையை அந்த அறிவு செய்தது.

அப்பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் 1903-ல் பிறந்த காமராஜர். அவருக்கு ஆறு வயதாகும்போது தந்தை குமாரசாமி காலமானார். தாயார் சிவகாமி அம்மாள், காதுத் தோடு தவிர மற்ற நகைகளை விற்று, அப்பணத்தை உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் கொடுத்துவைத்து, மாதாமாதம் வந்த வட்டியைக்கொண்டு குடும்பத்தை நடத்தினார். விதவையின் கையில் ரொக்கம் இருக்கிறதென்று தெரிந்தால் கைமாற்றுக் கேட்க எத்தனை பேர் வருவார்கள் என்பது அங்கத்தினர்களுக்குத் தெரியாததன்று. முதலைத் தொடுவதில்லை, வட்டியில்தான் வாழ்வது என்று அவர் செய்த தீர்மானமே அவருடைய உறுதி. கண்ணீர் விடாமல் இருந்தார் என்று எவரும் சொல்லத் தேவையில்லை. கணக்கை விடாமல் இருந்தார்.

ஆயினும் மகனுடைய படிப்பு இடையில் நின்றது. அவர் மாமன் துணிக்கடையில் வேலைக்குப் போனார். இதை மறைப்பானேன்? மன உறுதி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடுவதில்லை. பிற்காலத்தில் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக 1954 முதல் 1963 வரை இருந்த அதே காமராஜர், 1956-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தை ஏற்படுத்தினார். அதற்கும் பல ஊர்களில் ஜனங்கள் தானியமும் பொருளும் கொடுத்து உதவினார்கள்.

இனிச் சிவகாசிக்கு வருவோம். 1922-ல் ஐய நாடார், சண்முக நாடார் என்ற இரு வாலிபர்கள் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். ஜெர்மானிய யந்திரங்களைக்கொண்டு தொடங்கிய முதல் முயற்சி எதிர்பார்த்தபடி அமையவில்லை. தொழிலைக் கைவிடாமல், கைவேலையாக மாற்றிக்கொண்டார்கள். குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கஞ்சி வார்த்தன. பிறகு பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. பிஞ்சுக் கைகளும் நெடுங்காலம் அவ்வேலையில் புகுத்தப்பட்டன என்பது அச்சரித்திரத்தின் கறை. அதைப் பெருமையோடு சேர்த்துப் பேசலாகாது.

அந்தத் தொழிலே அபாயத்தையும் உடன் கொண்டுவந்தது. 2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பத்தைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புச் சேர்க்கக்கூடாதென்று உத்தரவிட்டபின், பல ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. கூலிக்காரர் குடும்பங்கள் வருமானமின்றித் தவித்தன. இத்தகைய வேளையில், தைரியமாயிரு என்று சொல்லிவிட்டு வீடு திரும்புவது உபகாரமாகாது.

விபத்தில் கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்கு முதல் வாரம் ஊரே வரும். சர்க்கார் நிவாரணத் தொகை மொத்தமாக வரும்போது உறவினரும் வருவார்கள். ஆலையில் வாங்கிய முன்பணத்துக்குக் கணக்குக் கேட்பவரும் வருவார். மூன்றாம் மாதத்தில் ஒருவரும் வரமாட்டார். அவள் மனம் உடைவது பெரும்பாலும் அந்த மூன்றாம் மாதத்தில்தான். அந்தத் தொகை அவள் பெயரில் டிபாசிட்டாக நின்று மாதாமாதம் வட்டி அவள் கையில் சேர்ந்தால், சிவகாமி அம்மாளுக்குக் கிடைத்த பிடிமானம் அவளுக்கும் கிடைக்கும். பத்திரங்களைப் படித்துச் சொல்லவும், பாங்கிக்கு உடன் செல்லவும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று பார்க்கவும் சங்கத்தில் இருவரை நியமிக்கலாம். இருவரில் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் வேண்டும். ஆண்களிடம் சொல்லத் தயங்கும் கஷ்டங்கள் பல.

இதற்கு வேண்டிய சிறு நிதியைப் பிடி அரிசி முறையிலேயே சேர்க்கலாம். கூலி வாங்கும் நாளில் ஒவ்வோர் அங்கத்தினரும் பத்து ரூபாய் கொடுத்துக் கணக்குப் புஸ்தகத்தில் பதிவு செய்தால் போதும். பணக்காரர் ஒருவரிடம் நன்கொடையாக மொத்தமாக வாங்குவது சுலபமே. ஆனால் அப்போது நிதி அவருடையதாகிவிடும், சங்கத்தினுடையதாகாது.

தீபாவளி கழிந்ததும் பட்டாசு ஆலைகளில் சில வாரம் வேலை இராது. ஆதலால், இதைத் தீர்மானிக்கும் மகாசபையைக் கூலி கையிலிருக்கும் காலத்தில், தீபாவளிக்கு முன்பே கூட்டுவது நலம்.