அந்தத் தெருவிலிருந்து ஓர் ஆசிரியர்



ஒரு சமூகம் பள்ளிக்குள் மாணவராக நுழைவது முதல் கட்டம் என்றால், அங்கேயே ஆசிரியராக நிற்பது அடுத்த கட்டம். முதலாவதைப் பற்றி ஓயாது பேசும் நாடு, இரண்டாவதைப் பற்றி அரிதாகவே பேசுகிறது. பிரதிநிதித்துவம், அதாவது மக்கள்தொகையில் ஒரு பிரிவினருக்குள்ள பங்குக்கு ஈடாகப் பணிகளிலும் அவர்கள் இடம்பெறுதல், சட்டமன்றத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு வகுப்பறைக்கும் தேவை.

இதற்குச் சென்னையிலேயே நூறாண்டு கடந்த முன்னுதாரணம் உண்டு. 1886இல் பிறந்து, பதினோரு வயதில் விதவையான ஆர்.எஸ். சுப்புலட்சுமி, 1911இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே நான்கு இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு ஓர் இல்லத்தைத் தொடங்கினார். அது பின்னர் மெரினா கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் வளர்ந்தது. ஆசிரியைகள் கிடைக்காததால் பெண்குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கிய அக்காலத்தில், வீட்டு மூலையில் ஒதுக்கப்பட்ட பெண்களே அந்தக் குறையைத் தீர்க்க முடியும் என்று அவர் கண்டார். அறிவுரையோடு நில்லாமல், தங்க இடம், உணவு, பள்ளிப்படிப்பு, பயிற்சி, அதன்பின் சம்பளமுள்ள வேலை எனப் படிப்படியாக வழி அமைத்தார். 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகவும் பொறுப்பேற்றார். ஆயினும் அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டுமே இடமளித்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒரு பிரிவுக்குப் போட்ட ஏணி மற்றவர்களுக்குத் தானாக நீளுவதில்லை. அதே நகரத்தில் ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிய எம்.சி. ராஜா, சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர் நலனுக்காகத் தனியே வாதாட வேண்டியிருந்தது.

ஆசிரியர் எங்கிருந்து வருகிறார் என்பது ஏன் முக்கியம்? நான் படித்த ஆறாம் வகுப்பில், முதல் நாளன்று ஒவ்வொருவராக எழுந்து அப்பாவின் வேலையைச் சொல்லவேண்டும் என்பது வழக்கம். துப்புரவுப் பணியாளர் ஒருவரின் மகன் “முனிசிபாலிட்டியில் வேலை” என்று மட்டும் சொல்லி உட்கார, “அங்கே என்ன வேலை?” என்று ஆசிரியர் மீண்டும் கேட்க, அவன் கையிலிருந்த பென்சிலின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அக்கேள்வி எங்கே தைக்கும் என்பது தெரியவில்லை, அவ்வளவுதான். அவன் தெருவிலிருந்து வந்த ஆசிரியராக இருந்திருந்தால், அந்த விவரத்தைப் பதிவேட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார். நாற்பது பேர் முன்னால் கேட்டிருக்கமாட்டார்.

இப்படிப்பட்ட ஆசிரியர் இருப்பதன் பயனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், மூன்று முதல் ஐந்தாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த மிக வறிய கறுப்பினச் சிறுவர்களிடையே, உயர்நிலைப் பள்ளியில் இடைநிற்றல் 39 சதவீதம் குறைந்திருந்ததை ஓர் ஆய்வு காட்டியது.

தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு, அருந்ததியருக்கான 3 சதவீத உள்ஒதுக்கீடு உட்பட, 18 சதவீதமும் பழங்குடியினருக்கு 1 சதவீதமும் உண்டு. எனினும் ஆசிரியர் பணியில் அந்த இடத்தை எட்டுவதற்குமுன் மேல்நிலைப் படிப்பும் பட்டமும் இரண்டாண்டு பி.எட். பயிற்சியும் 150 மதிப்பெண் தகுதித் தேர்வும் இருக்கின்றன. அத்தனை ஆண்டுகளும் வீட்டுக்கு வருமானம் இல்லை. ஆகவே முதல் தலைமுறைப் பட்டதாரி, அதாவது குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவர், உடனே சம்பளம் தரும் ஐ.டி. வேலைக்குப் போவதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. அப்படிப் போகிறவர்கள், தம் ஊரில் பி.எட். சேர விரும்பும் ஒருவரின் விடுதிச் செலவையாவது ஏற்றுக்கொண்டால், சுப்புலட்சுமி போட்ட ஏணி அவர் எட்டாத தெருக்களுக்கும் நீளும்.

ஆசிரியப் பணியைத் தேர்ந்தெடுப்போருக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. ஜூன் மாதத்தில் வகுப்புக்குள் நுழையும் முதல் நாள், அந்தப் பழைய கேள்வியைக் கேட்காமல் விடுங்கள்.