விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்போம்

(நம் குடியிருப்போர் நலச்சங்கப் பொங்கல் விழாவில், குறும்படப் போட்டி குறித்து ‘பி’ பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நம் குறும்படப் போட்டியை இந்த வருஷம் நடத்துவதா, விட்டுவிடுவதா என்று கமிட்டியில் பேச்சு நடக்கிறது. போன வருஷம் ஒன்பது படம் வந்தது. இந்த வருஷம் இதுவரை இரண்டுதான். பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விட்டது என்கிறார்கள். அதற்குக் காரணம் பிள்ளைகள் இல்லை, நான்தான் என்று சொல்வதற்காகவே மைக்கைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

போன வருஷம் தொகுத்து வழங்கியது நான். கீழே ஹாலில் ட்யூப் லைட் எல்லாம் எரிய, ஒரு பக்கம் இலை போட்டுக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் சுவரில் படம் ஓடியது. ஐந்தாவது படம் நம் இரவுக் காவலரின் மகள் எடுத்தது. அப்போது ஒன்பதாம் வகுப்பு. படம் ஓடத் தொடங்கி ஒன்றரை நிமிடம் ஆகியும் சத்தமே வரவில்லை. “ஆடியோ வேலை செய்யவில்லை போலிருக்கிறது, பிறகு பார்க்கலாம்” என்று நானே நிறுத்தச் சொல்லிவிட்டு, முதல் பந்திக்கு எல்லோரையும் அழைத்தேன். அந்தப் பிறகு வரவே இல்லை. பரிசு வாட்ஸ்அப்பில் அதிக லைக் வாங்கிய படத்துக்குப் போனது.

இரண்டு மாதம் கழித்து அந்தப் படத்தை அவளுடைய அம்மாவின் போனில், இயர்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். நான்கு நிமிடப் படம். இரவெல்லாம் நம் கேட்டில் விழித்திருந்த மனிதர் பகலில் தூங்குகிறார். ஒரே அறை உள்ள வீடு. அம்மா விசில் வருவதற்கு முன்பே குக்கரை இறக்கி வைக்கிறாள். தம்பி பாடத்தை உதட்டை மட்டும் அசைத்துப் படிக்கிறான். வாசலில் கூவி விற்க வரும் கீரைக்காரம்மா இந்த வீட்டருகே வந்ததும் வாயை மூடிக்கொண்டு, கையால் விலை காட்டுகிறார். கடைசியில் சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் ஒன்று கேட்கிறது. படத்தில் முதல் சத்தம் அதுதான். அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

ஆடியோவில் ஒரு குறையும் இல்லை. அந்த அமைதியைத்தான் அவள் படமாக எடுத்திருந்தாள். நம் ஹாலில் இருந்த இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. இந்த வருஷம் அவள் படம் கொடுக்கவில்லை. இதையெல்லாம் அவளிடமும் அவள் பெற்றோரிடமும் கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன்.

இனி, இதைச் சரியாக எப்படிச் செய்கிறார்கள் என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். என் மகன் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த சமயம், அங்கே நடக்கும் ஆவணப்பட, குறும்பட விழாவுக்குப் போயிருந்தேன். கேரள மாநிலச் சலச்சித்ர அகாதமி 2008 முதல் நடத்தும் சர்வதேச விழா அது. பெரிய படங்களுக்கு அங்கே டிசம்பரில் தனியாக ஒரு விழா உண்டு. அதன் ஓரத்தில் இதையும் சேர்த்து வைக்காமல், சின்னப் படங்களுக்கென்றே வேறொரு விழா வைத்திருக்கிறார்கள். அதற்குள்ளும், மாணவர்கள் எடுக்கும் கேம்பஸ் படங்களுக்கு ஒரு பிரிவும் பரிசும் உண்டு. உலகத்துப் படங்களோடு மோதி இந்தப் பிள்ளைகள் காணாமல் போய்விடக் கூடாது என்று ஒதுக்கிய இடம்.

தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று ஒரே வளாகத்தில் மூன்று அரங்குகள். மாணவர்கள் எடுத்த படங்களுக்கும் அதே பெரிய திரைதான், அதே இருட்டுதான். படம் ஓடும்போது யாரும் பேசவில்லை. வெளியே வந்த பிறகு, கல்லூரிப் பையன் ஒருவனைச் சுற்றி நாலு பேர் நின்றுகொண்டு, அந்தக் காட்சியை ஏன் அங்கே வெட்டினாய் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு நம் ஹால் ஞாபகம் வந்தது. அவனுக்குப் பரிசு கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவன் படத்தை ஒரு அரங்கம் முழுக்க உட்கார்ந்து கடைசி வரை பார்த்தது. பரிசு என்ற ஒன்று இருப்பதால்தான் அப்படி உட்கார வைக்க முடிகிறது.

அங்கே அரசாங்கம் செய்கிறது, நம்மால் ஆகுமா என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் ஓபர்ஹவுசன் என்று ஒரு ஊர். நிலக்கரியும் இரும்பும்தான் அப்போது அந்த ஊரின் பிழைப்பாக இருந்தன. முதியோர் கல்வி நிலையத்தின் பொறுப்பில் இருந்த ஹில்மர் ஹாஃப்மன் 1954-இல் அங்கே ஒரு குறும்பட விழாவைத் தொடங்கினார். 1962-இல் அந்த விழாவில்தான் 26 இளம் படைப்பாளிகள் கையெழுத்துப் போட்டு, ஜெர்மன் சினிமாவை இனி புதிதாக நாங்கள் எடுப்போம் என்று அறிக்கை விட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை குறும்படமும் ஆவணப்படமும் மட்டுமே எடுத்தவர்கள். அந்த விழா இன்றும் நடக்கிறது. ஜெர்மன் படங்களுக்கென்று தனிப் போட்டியும் அதில் இருக்கிறது.

நம் தமிழிலும் பாருங்கள். ‘பீட்சா’ எடுத்த கார்த்திக் சுப்பராஜ், ‘சூது கவ்வும்’ எடுத்த நலன் குமாரசாமி, ‘முண்டாசுப்பட்டி’ எடுத்த ராம்குமார் எல்லோரும் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டியில் இருந்து வந்தவர்கள். அதற்காக நம் பிள்ளைகள் எல்லோரும் இயக்குநராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படத்தொகுப்பாளர் பி.லெனின் ‘நாயகன்’ போன்ற பெரிய படங்களில் வேலை செய்து பெயர் வாங்கிய பிறகுதான், ஒரு குத்துச்சண்டை வீரரைப் பற்றி ‘நாக்-அவுட்’ என்ற குறும்படம் எடுத்தார். அதற்குத் தேசிய விருது கிடைத்தது. குறும்படம் பெரிய படத்துக்கு ஏறும் படிக்கட்டு மட்டும்தான் என்றால், அவர் ஏன் இறங்கி வந்து அதை எடுக்க வேண்டும்?

அடுத்து, கமிட்டியில் வந்த இன்னொரு கேள்வி. ‘நம் குடியிருப்புப் படம்’ என்றால் எது? சொந்த வீட்டுக்காரர் பிள்ளைகள் மட்டுமா, வாடகைக்கு இருப்பவர்களும் உண்டா, காவலர் வீட்டுப் பிள்ளை, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் பிள்ளை எல்லாம் சேருமா? ஒருவர் என்னிடமே, “டீச்சர், மெயின்டனன்ஸ் கட்டுகிறவர்களுக்குத்தானே பரிசு?” என்று கேட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

நம் ஊரைக் கேட்டால் அதற்குப் பதில் சொல்லும். பி.யு.சின்னப்பா என்ற பெயரில் முதலில் நிற்கும் ‘பி’ புதுக்கோட்டை. ‘யு’ அவருடைய அப்பா உலகநாதன், நாடக நடிகர். 1940-இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் இரட்டை வேடம் போட்ட அந்த நட்சத்திரம் அப்பா பெயருக்கும் முன்னால் ஊரைப் போட்டுக்கொண்டார். விராச்சிலையில் பிறந்த பாண்டிராஜ் 2009-இல் ‘பசங்க’ எடுத்தபோது, தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சண்டையைத்தான் கதையாக்கினார். சிறந்த தமிழ்ப் படம் உட்பட தேசிய விருதுகள் அதைத் தேடி வந்தன. ஊர் என்பது பத்திரத்தில் இருப்பது மட்டும் இல்லை. இந்த வளாகத்தை யார் தினமும் பார்க்கிறார்களோ, அவர்கள் எடுப்பது நம் படம். ராத்திரி இரண்டு மணிக்கு நம் வளாகம் எப்படி இருக்கும் என்று காவலருக்குத் தெரிந்த அளவுக்கு நம்மில் யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. என் வயதுக்காரர்களுக்கு அறிவொளிக் காலம் நினைவிருக்கும். வயக்காட்டு வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் இருட்டிய பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை வீதிகளில் வந்தபோது ஊரே நின்று பார்த்தது. ஓட்டத் தெரிவது அதற்கு முன்பே தெரியும். ஊர் பார்த்த பிறகுதான் ‘பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்’ என்ற பேச்சு அடங்கத் தொடங்கியது. இன்று நம் பிள்ளைகளின் கையில் போன் இருக்கிறது. அவர்கள் எடுப்பதை நாம் நின்று பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி.

ஆகவே கமிட்டிக்கு என் வேண்டுகோள் இது. போட்டியை விட வேண்டாம். கடைசித் தேதியை மார்ச் 31 வரை தள்ளி, சித்திரை முதல் நாள் இரவு, இதே மொட்டை மாடியில் திரை கட்டுவோம். சாப்பாடு படங்களுக்குப் பிறகு. எல்லா விளக்கையும் அணைத்துவிடுவோம். பத்து நிமிடத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு படமும் பெயர்ப் பட்டியல் ஓடி முடியும் வரை ஓடட்டும். முடிந்ததும் எடுத்தவர் எழுந்து நின்று இரண்டு வார்த்தை பேசட்டும். லைக் எண்ண வேண்டாம். இந்த வளாகத்தில் யாரையும் தெரியாத இரண்டு பேர் வெளியிலிருந்து வந்து தீர்ப்புச் சொல்லட்டும். கோப்பைக்கு வைத்திருக்கும் பணத்தில் பாதியை ஒரு நல்ல ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுப்போம். இங்கே குடியிருப்பவர், இங்கே வேலை செய்பவர், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கலந்துகொள்ளலாம் என்று விதியிலேயே எழுதுவோம். அடுத்த வருஷமும் அதே நாளில் நடக்கும் என்பதையும் சேர்த்து எழுதுவோம். அப்போதுதான் இந்த வருஷம் தோற்ற பிள்ளை அடுத்ததை யோசிக்கும்.

நேற்று அந்தப் பெண்ணிடம் போய், போன வருஷத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அந்தப் படத்தை மறுபடி கொடுப்பாயா என்றும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஃபேனையும் நிறுத்துவீங்களா டீச்சர்?” என்றாள்.

மாடியில் ஃபேன் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மற்ற சத்தத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.